பதினோராவது குழாயின் தலைமாடு

ஜூன் 3, செவ்வாய்

ஏழு மாதத்துக்குப் பிறகு இன்று வேலைக்குப் போனேன். வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்தில் முகையை விட்டபோது அவள் அழவில்லை. நான்தான் கலங்கிப்போய், வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு பாதி தூரம் நடந்திருக்கிறேன். காப்பகத்து மல்லிகாக்கா கத்திக் கூப்பிட்டுச் சொன்னார்: "காலப் பாரும்மா, உம்பொண்ணே சிரிக்குது!"

மின்னணு அறை அப்படியே இருக்கிறது, எங்கள் பெட்டிகள் அடுக்கிய இரும்பு ராக்கும் அதே இடத்தில். என் நாற்காலியின் உயரத்தை மட்டும் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஸ்டெல்லாக்கா கட்டிப்பிடித்து, "இளைச்சுட்ட. பொய் சொல்றேன், ஊதிட்ட" என்றார். டெக்னீஷியன் வேலையில் அவரைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. வாயும் அப்படித்தான்.

காலையிலேயே சோதனை. நாளை மறுநாள் அணு உலையை இயக்கப் போகிறார்கள். அதற்குள் எங்கள் நியூட்ரான் சிதறல் கருவியின் பதினாறு குழாய்களும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஸ்டெல்லாக்கா கருவி இருக்கிற உலைக் கூடத்துக்குள். கையில் சோதனைக்கான சின்ன நியூட்ரான் சோர்ஸ். நான் இந்தப் பக்கம் திரைக்கு முன்னால். போனில் பேச்சு. ஒவ்வொரு குழாயின் மேல்முனைக்குப் பக்கத்திலும் அவர் சோர்ஸைக் காட்டுவார். திரையில் புள்ளி மேலே வர வேண்டும். இந்த மாதிரிச் சோதனை இதற்கு முன் செய்ததில்லை. இன்று காலையில் அவருக்குத் தோன்றிய யோசனை.

"மேல வைக்கிறேன் தேனு. ஒண்ணு."

"சரி."

"ரெண்டு."

"சரி."

இப்படியே. பதினொன்றில் கொஞ்சம் நேரமானது.

"என்னடி, தூங்கிட்டியா?"

"இல்லக்கா. சரி."

"புள்ள நெனப்பா?"

"ஆமா."

பதினாறு தடவை சரி சொன்னேன்.

பிறகு ராக்கின் பின்பக்கம் தூசி தட்டினேன். ஏழு மாதத் தூசி. பதினோராவது குழாயின் கேபிள்கள் இரண்டையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். லேபிள்களில் பசை விட்டிருந்தது. புதிதாக எழுதி ஒட்டினேன். லாக் புத்தகத்தில் எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

ராத்திரி சாப்பிடும்போது பரிதி மூன்றாவது முறையாகக் கேட்டார், "அந்தக் குழாய்ங்க அப்படி என்னதான் பண்ணுது?" கல்யாணமாகி இரண்டு வருடம். கார் கண்ணாடித் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவருக்கு நியூட்ரான் மேல் என்ன அக்கறை, என்னைப் பேச வைக்கத்தான் கேட்கிறார். ஊஞ்சல் பலகையை வைத்துச் சொன்னேன். பலகையின் இரண்டு முனையிலும் சங்கிலி. நடுவில் உட்கார்ந்தால் இரண்டு சங்கிலிக்கும் ஒரே பாரம். ஓரமாக உட்கார்ந்தால் பக்கத்துச் சங்கிலிக்குப் பாரம் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு சங்கிலிகளை மட்டும் அளந்தாலே ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். எங்கள் குழாய்க்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. நியூட்ரான் வந்து விழுந்த இடத்திலிருந்து மின்னூட்டம் பிரிந்து இரண்டு முனைக்கும் ஓடும். இரண்டையும் அளந்து, விழுந்த இடத்தைச் சொல்வதுதான் எங்கள் பெட்டிகளின் வேலை.

"சங்கிலிங்கள மாத்தி மாட்டிட்டா?" என்று கேட்டார்.

முகை சிணுங்கியதால் எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 4, புதன்

முகைக்கு லேசாகச் சளி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

உலையை இயக்கிவிட்டார்கள். பால் கொடுப்பதால் கூடத்துக்குள் போக எனக்கு அனுமதியில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. மின்னணு அறையில் ஒன்றுமே கிடையாது என்று தெரிந்தும், காப்பகத்துக்குப் போவதற்கு முன் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். மதியம் ஸ்டோர் ரூமைத் தாழிட்டுக்கொண்டு பால் எடுக்கிறேன். வெளியே ஸ்டெல்லாக்கா காவல். யாராவது வந்தால், "உள்ள ஹை வோல்டேஜ் டெஸ்ட் நடக்குது" என்று விரட்டுகிறார்.

சாயங்காலம் அமீன் போன் செய்தான். நூருல் அமீன். வாணியம்பாடிப் பையன், ஆராய்ச்சி மாணவன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை எங்கள் கருவியில் அளவெடுத்திருக்கிறான். நான் விடுப்பில் இருந்ததால் போன் பழக்கம்தான். தோலிலிருந்து எடுத்த கொலாஜன் சவ்வைச் சாய்வாக இழுத்துப் பிடித்து நியூட்ரானில் காட்டுவான்.

"திங்கக்கெழம வரேங்க்கா. ரெண்டு நாள் நியூட்ரான் பீம் குடுத்திருக்காங்க. அந்தப் புள்ளிய இன்னொரு தடவ காட்டணுமாம். அது வந்துட்டா பதினாறாந்தேதி தீசிஸ் குடுத்துருவேன்."

"எந்தப் புள்ளி?"

"என்னக்கா, ஊருக்கே தெரியும்! ஜோடியில்லாப் புள்ளி."

ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயமே அதுதானாம். இப்படிப்பட்ட படத்தில் எந்தப் புள்ளிக்கும் நேர் எதிரே ஒரு ஜோடி இருக்க வேண்டும். அவன் படத்தில் வலப்பக்கம் கீழே தனியாக ஒன்று நிற்கிறது. சவ்வு முறுக்கிக்கொள்வதால் அப்படி என்று நாற்பத்தொரு பக்கம் எழுதியிருக்கிறான். எங்கள் கருவிக்குப் பொறுப்பான கோதண்டபாணி சார்தான் நம்பாமல், திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

"வலப்பக்கம்னா எத்தனாவது குழாய்?" என்று கேட்டேன்.

"பதினொண்ணுக்கா. ஏன்?"

சும்மாதான் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் அறையில் குழாய்களுக்கும் புழங்குகிற இரண்டு வார்த்தைகள்: தலைமாடு, கால்மாடு. குழாய்களை மேசை மேல் படுக்க வைத்து வேலை செய்வதால் ஸ்டெல்லாக்கா வைத்த பெயர். நிறுத்தும்போது மேலே போகும் முனை தலைமாடு, வாயு நிரப்பும் மூக்கு இருக்கிற முனை கால்மாடு. ஒவ்வொரு முனையிலிருந்தும் இருபது மீட்டர் கேபிள். அதன் மறு நுனியில் 'த' அல்லது 'கா' என்று எழுதி ஒட்டுவது போன வருடம் என் வேலை. குழாயை நிறுத்திச் சுவர் வழியாகக் கேபிளை இழுத்துவிட்டால் எது எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லேபிள் சொல்வதுதான்.

ஒட்டியது தப்பாகிவிட்டால் அந்தக் குழாய் தலைகீழாகப் பார்க்கும். மேலே விழுவதைக் கீழே காட்டும். ஆனால் பெரும்பாலான பொருட்களின் படம் மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும். அளவு சரிபார்க்க நாங்கள் முன்னால் மாட்டுகிற, நியூட்ரானைத் தடுக்கும் காட்மியத் தகட்டிலும் ஐந்து பிளவுகள் சம இடைவெளியில் இருக்கின்றன. கவிழ்த்துப் பார்த்தாலும் அதே ஐந்துதான். அதனால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே போகும்.

பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

மதியம் பழைய லாக் புத்தகத்தைப் புரட்டினேன். குழாய் 11 கம்பி மாற்றப் போயிருந்தது; மற்ற பதினைந்தும் முடிந்த பிறகு தனியாக வந்தது. "11 லேபிள் ஒட்டப்பட்டது" என்று என் கையெழுத்து. தேதி செப்டம்பர் 26.

வீட்டுக்கு வந்து ஸ்கேன் பைலை எடுத்துப் பார்த்தேன். அதிலும் செப்டம்பர் 26. முகை அதுவரை வயிற்றுக்குள் தலையை மேலே வைத்துக்கொண்டு பயமுறுத்தினாள். அன்று காலையில்தான் டாக்டர், "தல கீழ வந்துருச்சு, இனி கவல இல்ல" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்குப் போனேன். அன்று மதியம் முழுக்க மனசுக்குள் தலை கீழே, தலை கீழே என்று சொல்லிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

அதனால் என்ன. ஒரே தேதியில் ஆயிரம் நடக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தது. கேழ்வரகுக் கூழ் காய்ச்சியது. முகை இரண்டு ஸ்பூன் சாப்பிட்டு மூன்றாவதை என் முகத்தில் துப்பினாள்.

மத்தியானம் தூங்கும்போது பாயில் முழுசாகச் சுற்றி, தலையணைப் பக்கம் காலை நீட்டிக்கிடந்தாள். பரிதி சிரித்துக்கொண்டே, "பாரு, தலமாடு கால்மாடு தெரியாத பொண்ணு" என்றார். "அவளக் கேலி பண்ணாதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் அவளத்தானே சொன்னேன்?" என்றார்.

வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, என் பணி நீட்டிப்புக்கான கமிட்டி கூடுகிறது. இரண்டு வருடம் கிடைக்கும் என்று சார் சொல்லியிருக்கிறார். வேலை இருந்தால்தான் இந்தக் குடியிருப்பு. குடியிருப்பு இருந்தால்தான் காப்பகம். அதனால்தான் பதற்றம் என்று பரிதியிடம் சொன்னேன். பாதி உண்மை.

ஜூன் 9, திங்கள்

அமீன் வந்துவிட்டான். போனில் கேட்ட குரலுக்கு ஆள் மிகவும் ஒல்லி. பெரிய டப்பா நிறைய மக்கன் பேடா. "அம்மா குடுத்தாங்க. புள்ளி வந்ததும் தொறக்கலாம்" என்று மேசையில் வைத்தான். ஸ்டெல்லாக்கா கேட்காமல் அப்போதே திறந்துவிட்டார்.

"ஏன்டா அமீனு, அந்தப் புள்ளிக்குத்தான் ஜோடி இல்ல. ஒனக்கு?"

"அதுக்கும் எனக்கும் ஒரே ராசிக்கா. தீசிஸ் முடிச்சாத்தான் பொண்ணுன்னு அத்தா சொல்லிட்டாரு."

"அப்ப ஒரு பொண்ணோட வாழ்க்கையே பதினோராவது குழாயில தொங்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சவ்வைச் சட்டத்தில் பூட்டும்போது அவன் கை ஆடவே இல்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்றான்.

மூன்று மணிக்கு அளவெடுப்பு ஆரம்பம். படம் தெளிய ஒரு நாள் ஆகும்.

ஜூன் 10, செவ்வாய்

புள்ளி வரவில்லை.

ஜூன் 11, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று மதியம் படம் தெளிந்தது. மேலே வலப்பக்கமும் கீழே இடப்பக்கமுமாகச் சாய்ந்த ஒரே கோடு. ஒழுங்கான, அழகான கோடு. ஜோடியில்லாப் புள்ளி இருந்த இடம் வெறுமை. அமீன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, அழுக்கு ஒட்டியிருக்கிற மாதிரி விரலால் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தான்.

"சவ்வு காஞ்சிருச்சு போலருக்கு. வேற ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்று உள்ளே ஓடினான். புதிய சவ்வு. இன்னும் கொஞ்சம் இழுத்து. இன்னும் கொஞ்சம் சாய்த்து. முழுசாகத் தெளியக் காத்திராமலே தெரிந்தது: ஒவ்வொரு முறையும் ஜோடி சேர்ந்த ஒழுங்கான கோடு. சார் தயவில் இன்று மதியம் வரை நேரம் நீட்டித்தார்கள். அப்போதும் அதே.

மூன்று மணிக்கு அவனுடைய பேராசிரியர் போனில் வந்தார். அவன் வராந்தாவில் நின்று பேசினான், பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது உதட்டில் நிறமே இல்லை.

"என்னடா சொன்னாங்க?" என்று ஸ்டெல்லாக்கா கேட்டார்.

"ஒரே சவ்வு, ஒரே மெஷினு. ரெண்டு படம் வருதுன்னா ஒண்ணு நீயே போட்டதுதானேன்னு கேக்குறாங்க. பழைய டேட்டாவுல நான் கைய வெச்சிருக்கேனாம். நாளைக்குள்ள ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கணுமாம், இல்லாட்டி விசாரணைக் கமிட்டியாம்." "நான் எதுலயும் கைய வெக்கலக்கா" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். ஸ்டெல்லாக்காவைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்துச் சொன்னான்.

நாலு மணிக்கு கோதண்டபாணி சார் வந்தார். சத்தமாகப் பேசாத மனிதர்.

"தேன்மொழி, மார்ச்சுக்கு அப்புறம் எலக்ட்ரானிக்ஸ்ல ஏதாவது மாத்தியிருக்காம்மா?"

"லாக் புக்ல ஒண்ணும் இல்ல சார்."

அவர் தலையாட்டினார். "லாக் புக்ல இல்லன்னா இல்லதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து பரிதியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவர் முகையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"வேணும்னு பண்ணலயே?"

"இல்ல."

"இப்ப சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கறதாலதான் அவன் மாட்டிக்கிட்டான்."

"வெள்ளிக்கெழம கமிட்டி முடியட்டும் தேனு. திங்கக்கெழம சொல்லு. ரெண்டு நாள்ல என்னாகப் போகுது?"

நாளைக்கே அவன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் முகையை மறு தோளுக்கு மாற்றினார். அப்புறம் மெதுவாக, "காப்பகம் இல்லன்னா இவள எங்க விடறது?" என்றார். என்னைத் தடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலையில் நான் போனபோது ஸ்டெல்லாக்கா ராக்கின் பின்னால் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார்.

"தேனு, இங்க வா."

போனேன்.

"முப்பத்திரண்டு லேபிள் இருக்கு. முப்பது போன வருசத்து எழுத்து, மஞ்சப் பூத்துப் போயிருக்கு. ரெண்டு மட்டும் பளிச்சுனு வெள்ளையா இருக்கு. யாரு எழுதுனது?"

"நாந்தான்."

"எப்ப?"

"மூணாந்தேதி."

டார்ச்சை அணைத்தார். "அன்னிக்கு நான் பதினொண்ணுன்னு சொன்னப்ப புள்ளி எங்கடி வந்துச்சு?"

"கீழ."

இதைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"ரெண்டு நாளா நான் மாட்டுனதுதான் தப்போன்னு எனக்குத் தூக்கமில்ல" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவன் சார் ரூம் வாசல்ல ஒக்காந்திருக்கான். கையில லெட்டர் இருக்கு. போறியா, நான் போகவா?"

முதலில் லாக் புத்தகத்தை எடுத்தேன். இன்றைய தேதி போட்டு எழுதினேன்: "பிந்தைய பதிவு. 26.9.2024 அன்று குழாய் 11-இன் கேபிள்களுக்கு நான் 'த', 'கா' லேபிள்களை மாற்றி ஒட்டினேன். அன்று முதல் 3.6.2025 வரை எடுத்த எல்லா அளவுகளிலும் குழாய் 11 மேல்கீழாகப் பதிவாகியுள்ளது. 3.6.2025 அன்று இதைக் கண்டு, கேபிள்களை இடம் மாற்றினேன். பதிவு செய்யவில்லை. யாரிடமும் சொல்லவில்லை." கையெழுத்து. ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை.

சார் அறையில் புத்தகத்தைத் திறந்து அமீன் முன்னால் வைத்தேன். அவன் படித்தான். முதலில் அவன் முகம் தெளிந்தது. தான் பொய்யன் இல்லை என்று புரிந்த அந்த ஒரு நொடியைப் பார்த்தேன். அப்புறம் இரண்டாவது தடவை படித்தான்.

"மூணாந்தேதியே தெரியுமா?"

"தெரியும்."

"நான் ஒம்பதாந்தேதி வந்தேன்."

"ஆமா."

"எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்களே அக்கா."

புத்தகத்தை சார் பக்கம் தள்ளினான்.

சார் மார்ச் மாதப் படத்தைத் திரையில் கொண்டுவந்தார். பதினோராவது குழாயை மட்டும் மேல்கீழாகத் திருப்பச் சொல்லிக் கணினியில் இரண்டு வரி எழுதினார். பொத்தானை அமீனையே அழுத்தச் சொன்னார். வலப்பக்கம் கீழே தனியாக நின்ற புள்ளி மறைந்து, மேலே கோட்டில் விடுபட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. கோடு முழுமையானது.

"ஜோடி சேந்துருச்சு" என்றார் ஸ்டெல்லாக்கா, தன்னையறியாமல். யாரும் சிரிக்கவில்லை.

நாற்பத்தொரு பக்கம்.

சார் என் பக்கம் திரும்பினார். "லேபிள் மாறுறது யாருக்கும் நடக்கும். அத விடு. நேத்து நான் கேட்டேனேம்மா."

"கேட்டீங்க சார்."

ஸ்டெல்லாக்கா குறுக்கே வந்தார். "சார், செப்டம்பர் இருபத்தாறு இவ ஸ்கேன் எடுத்துட்டு நேரா இங்க வந்தா. எட்டு மாசம். நான்தான் வீட்டுக்குப் போடின்னேன்..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்" என்றேன்.

சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை அங்கே சொன்னால், அடுத்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற பெண்ணின் கையிலிருந்து லேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். தவிர, அன்றைய தப்புக்குத்தான் அது காரணம். இந்த ஒன்பது நாளுக்கு என் வயிற்றில் யாரும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

கமிட்டி பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. லாக் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை சாரே வாசித்தார். பதிவு செய்யவில்லை, யாரிடமும் சொல்லவில்லை என்ற இரண்டு வரியையும் விடாமல் வாசித்தார். இரண்டு வருடம் இல்லை, ஆறு மாதம். அதற்குப் பிறகு பார்க்கலாமாம். டிசம்பரில் முகைக்கு ஒரு வயது தாண்டியிருக்கும், நடப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வெளியே வந்தேன்.

பேராசிரியருக்கு சார் கடிதம் அனுப்பிவிட்டார், அந்தப் பக்கத்தின் நகலோடு. அமீன் மேல் எந்தக் குறையும் இல்லை, குறை எங்கள் கருவியில் என்று. ஆனால் பதினாறாம் தேதி சமர்ப்பிக்க முடியாது. நான்காவது அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டும். ஒரு பருவம் போகும்.

மற்ற பதினைந்து குழாய்களையும் ஸ்டெல்லாக்காவும் நானும் சோர்ஸ் வைத்து மறுபடி பார்த்தோம். ஒவ்வொரு எண்ணுக்கும் நான் "சரி" என்றதும் அவர், "எங்க வந்துச்சு?" என்று கேட்டார். "மேல" என்று நான் சொல்ல வேண்டும். பதினைந்து முறையும் கேட்டார். இனி என்றைக்கும் கேட்பார் என்று நினைக்கிறேன்.

காட்மியத் தகட்டுக்குப் புது வரைபடம் போட்டேன். ஐந்து பிளவில் மேலிருந்து இரண்டாவதை மட்டும் இரண்டு விரல்கடை தள்ளி வைத்திருக்கிறேன். இனி கவிழ்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு அமீன் கிளம்பினான். கேட் வரை போனேன். பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான். பஸ் வந்து நின்ற பிறகுதான் பேசினான்.

"நன்றி சொல்ற பக்கத்துல உங்க பேரும் இருக்குக்கா. எலக்ட்ரானிக்ஸ் உதவிக்குன்னு. இப்ப அத எடுக்கறதா வேணாமான்னு தெரியல."

"எடுத்துடு அமீன்."

"யோசிக்கிறேன்" என்று ஏறிவிட்டான். நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தது. எதிர்ப்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்தான்.

பேடா டப்பா மேசையிலேயே இருக்கிறது. பாதிக்கு மேல் மிச்சம்.

ஜூன் 14, சனி

லாக் புத்தகத்துக்கு ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிவிட்டால் ரப்பரால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் ஸ்டெல்லாக்கா சொன்னார்: "தப்பு பண்ணலாம்டி. அது அங்கதான் இருக்கணும்."

இந்த நோட்டுக்கு அப்படி விதி எதுவும் கிடையாது. என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. முகை எப்போதாவது படிக்கலாம்.

முகை பக்கத்தில் தூங்குகிறாள், மறுபடியும் பாயில் சுற்றிக்கொண்டு, தலை என் கால்மாட்டில். திருப்பிப் போடவில்லை.

ஜூன் 3-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். "பிறகு ராக்கின் பின்பக்கம் தூசி தட்டினேன்" என்பதிலிருந்து "ஒன்றுமில்லை" வரை ஒரே கோடு போட்டேன். ஓரத்தில் எழுதியது:

தூசி இல்லை. பதினொன்றில் புள்ளி கீழே வந்தது. சரி என்று சொன்னேன். தே. 14.6.